பக்கத்து வயலை அளந்தேன்

என் மகளின் லேப்டாப்பை நான் திறந்தது ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவள் வீட்டைவிட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அது பீரோவின் மேல், பழைய பெட்ஷீட் ஒன்றில் சுற்றியபடி கிடந்தது. சுற்றி வைத்தது நான்தான்.

மூடியைத் தூக்கினால் எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே பிஸ்கட் தூள். படிக்கும்போது எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள். ஊதிவிடலாம் என்று குனிந்தேன். மனம் வரவில்லை. நிமிர்ந்துவிட்டேன்.

சார்ஜரை மாட்டியதும் அவள் கடைசியாக விட்டுப்போன பக்கம் அப்படியே திறந்தது. கணக்குப் போடும் மென்பொருளின் வெள்ளைத் திரை. இடது ஓரத்தில் வரிசை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு கணக்கு, அதன் கீழே விடை. கடைசி எண் நானூற்றுப் பன்னிரண்டு.

அந்த எண் என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஏதோ ஒரு கணக்கைத் தட்டிப் பார்த்தேன். என் வரிக்கு நானூற்றுப் பதிமூன்று என்று எண் விழுந்தது. அப்போதுதான் புரிந்தது. ஒரே மூச்சில் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு தடவை அவள் அந்த மென்பொருளிடம் எதையோ கேட்டிருக்கிறாள்.

"மிஷின் போட்டுக் குடுக்கும்னு சும்மா குந்தியிருந்தவ" என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்கு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில், நில அளவைப் பிரிவில் வரைவாளர். வயலை அளப்பவர்கள் கொண்டுவரும் குறிப்புகளை வைத்துப் புல வரைபடம் போடுவதும், உட்பிரிவு செய்வதும், பரப்பு சரிபார்ப்பதும் என் வேலை. கணவர் மோசஸ் கம்பெனி வேன் ஓட்டுகிறார். கிருபா எங்கள் ஒரே மகள். பொறியியல் படித்தாள். எல்லாப் பாடமும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று கணக்கு. அதிலும் பலமாறி நுண்கணிதம். எக்ஸ் ஒன்று மட்டும் மாறினால் அது கோடு. எக்ஸும் ஒய்யும் சேர்ந்து மாறினால் அது பரப்பு. மேடும் பள்ளமுமாக எழும்பும். அதன் சரிவையும் கொள்ளளவையும் கணக்கிடுவதுதான் அந்தப் பாடம்.

எனக்கும் அது தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் பி.எஸ்சி. கணிதம். எங்கள் காலனியில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். என் அப்பா அறுவடைக்குக் கூலி போனவர். அடுத்தவர் வயலின் வரப்பில் நடந்தவரின் மகள் அந்த வரப்புகளையே வரைபடத்தில் போடுகிறாள் என்று சர்ச்சில் ஒரு தடவை எழுந்து நின்று சாட்சி சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமைதான் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தது.

மேசை மேல் ஒரு சண்டை

கிருபா வைத்திருந்தது இயற்கணித மென்பொருள். கால்குலேட்டர் மாதிரி எண்ணைப் போட்டு எண்ணை வாங்குவதல்ல. எக்ஸ், ஒய் என்று எழுத்தாகவே கொடுக்கலாம். எழுத்தாகவே வகையிட்டு, தொகையிட்டு விடை தரும். கேட்டால் அந்தப் பரப்பைப் படமாகவும் வரையும்.

அவள் இரண்டாவது தடவை அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"அம்மா, இத கொஞ்சம் பாரேன். வரிசைய மாத்திப் போடச் சொல்றாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். இப்படிப்பட்ட கணக்கை எளிதாகச் சொன்னால் இதுதான். ஒரு சதுர வயல், பக்கத்தின் நீளம் ஒன்று. தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குக் குறுக்கே ஒரு வரப்பு. வரப்புக்கு வடக்கே இருக்கும் முக்கோணம்தான் நம்முடையது. அதில் தண்ணீர் நிற்கிறது; வடக்கே எவ்வளவு தூரமோ அவ்வளவு ஆழம். மொத்தம் எவ்வளவு தண்ணீர்? வயலைத் தெற்கு வடக்காகக் கீற்றுப் போட்டுக் கூட்டலாம். கிழக்கு மேற்காகவும் கீற்றுப் போடலாம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்று என்பது கேள்வி.

"இவ்ளோதானே? எக்ஸ் இருந்த எடத்துல ஒய், ஒய் இருந்த எடத்துல எக்ஸ். எழுத்த மாத்திடு" என்று காகிதத்தை இழுத்துக்கொண்டேன். கோடு போட்டேன், நிழல் தீட்டினேன், கூட்டினேன். ஆறில் ஒன்று என்று வந்தது.

"மிஷின் மூணுல ஒண்ணுன்னு சொல்லுதும்மா."

"நீ தப்பா அடிச்சிருப்ப."

"ரெண்டு தடவ பாத்தேன்."

"இதோ பார், பரப்பு போட்டுப் பாக்குறேன்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் பரப்பைத்தான் சரிபார்ப்போம். நான் போட்ட எல்லைக்கும் பரப்பு அரை வந்தது. கேள்வியில் இருந்த எல்லைக்கும் அரை. "பாத்தியா? பரப்பு ஒத்துப் போச்சு. இருவது வருஷமா நெலம் அளக்குறேன்டி நான். என்கிட்ட இந்த டப்பா வந்து சொல்லுதா?"

சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினேன். அதோடு விடவில்லை.

"பரீட்ச ஹாலுக்கு இத இட்டுகினு போவியா? கையால போடு."

நான் மீன் கழுவப் போய்விட்டேன்.

பத்தரை மணி

அந்தத் தேர்விலும் போனது. அதற்கடுத்த தேர்விலும். மூன்றாவது முடிவு வந்த மறுநாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் சொன்னேன்: "மிஷின நம்பிப் படிச்சா இப்படித்தான் ஆகும்."

அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பத்தரை மணிக்கு மோசஸ் போன் செய்தார். "கிருபா ஒன் ஆபீசுக்கு வந்துச்சா? வூட்ல இல்ல. போன் சுவிட்ச் ஆஃப்னு வருது."

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத இன்னும் என்னால் முடியவில்லை. வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். முதலில் மாமல்லபுரம், அவளுக்குப் பிடித்த இடம் என்பதால். வெயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் நீலச் சுடிதார் போட்ட ஒவ்வொரு பெண்ணையும் தோளைத் தொட்டுத் திருப்பினேன். ஒருத்தி பயந்து கத்திவிட்டாள். கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன். காலையில் ஒரு பெண் தண்ணீரில் இறங்கினாளா என்று கேட்க வாய் வரவில்லை.

பிறகு தெற்கே. நிறுத்தி நிறுத்தி விசாரித்து, சாயங்காலம் நாலு மணிக்குச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு வந்தோம். வாசலில் இருந்த காவலர் எங்களைப் பார்த்ததுமே கையை நீட்டினார்.

"அந்தப் பொண்ணா? காலைலேர்ந்து அங்கதான் குந்திகினு கீது. தண்ணி குடுத்தேன், குடிச்சுது. யாரு இன்னான்னு கேட்டா பேச மாட்டேங்குது."

செங்கல் சுவரின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் கை எழவில்லை.

"வூட்டுக்குப் போலாம் வா" என்றார் மோசஸ்.

"அத்த வூட்டுக்குப் போறேன்ப்பா."

அவர் அக்கா ரோஸி கடப்பாக்கத்தில் இருக்கிறார். அங்கே கொண்டுபோய் விட்டோம். நாலு நாள் என்று நினைத்தது நாலு மாதம் ஆனது. அங்கேயே ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் போன் செய்தால் எடுப்பாள். "ம்." "சாப்ட்டேன்." "சரி." "வெக்கிறேன்." இந்த நாலு சொல்தான். ஐந்தாவது சொல் ஒன்று வராதா என்று ஒவ்வொரு நாளும் காதை அழுத்திக்கொண்டு நிற்பேன்.

இன்றைக்கும் அலுவலகத்தில் பத்தரை மணி வாக்கில் போன் அடித்தால் என் கை பேனாவை விட்டுவிடுகிறது.

முதல் பாடம்: நட்சத்திரக் குறி

லேப்டாப்பை ஏன் திறந்தேன்? அவளிடம் பேச எனக்கு எதுவும் மிச்சமில்லை என்பதால்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா, இரண்டும் தீர்ந்துபோயின. அவள் எதோடு அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாளோ அதோடு நானும் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் வாரம் அது என்னை நன்றாக அவமானப்படுத்தியது. எக்ஸ் ஒய் என்று சேர்த்து அடித்து, எக்ஸைப் பொறுத்து வகையிடு என்றேன். பூஜ்யம் என்றது. ஒய் என்றல்லவா வரவேண்டும்! எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அடித்தேன். மறுபடி பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போட வேண்டுமாம். போடாவிட்டால் அது "எக்ஸ்ஒய்" என்று ஏதோ ஒரு புதிய ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஆளுக்கும் எக்ஸுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிடும்.

மோசஸ் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னா எஸ்தரு, எக்ஸாம் எப்போ? பிட்டு எதுனா எழுதிக் குடுக்கட்டா?"

"போய் மூஞ்சி கழுவுங்க."

"டீச்சர் யாரு, இந்த டப்பாதானா? அன்னைக்கு அதத்தானே திட்டின?"

நான் நட்சத்திரக் குறியைத் தேடித் தட்டினேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் எனக்கும் சேர்த்து டீ போட்டார்.

இரண்டாவது வாரம் அது ஒரு பரப்பை வரைந்து காட்டியது. கல்லூரியில் நாங்கள் இதே சூத்திரத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். எங்கள் பேராசிரியர் கரும்பலகைக்கு முகம் கொடுத்தபடியே பாடத்தை முடிப்பார். அந்தச் சூத்திரத்துக்கு ஓர் உருவம் உண்டு என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது சுட்டியைப் பிடித்து இழுத்தால் அது திரும்புகிறது. அடியிலிருந்து பார்க்கலாம். பக்கவாட்டில் பார்க்கலாம். முப்பது வருடம் முன்பு நான் மதிப்பெண் வாங்கிய ஒன்றை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்ணால் பார்த்தேன். நாற்பத்தொன்பது வயதில், சமையலறைக்குப் பக்கத்து மேசையில், தனியாக.

பக்கத்தில் கிருபா இருந்திருந்தால் "இத பாருடி" என்று கத்தியிருப்பேன். கத்த ஆள் இல்லை.

சிவப்பு மை

இங்கே அலுவலகக் கதை ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் திருவிடந்தைப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு வரைபடத்தோடு வந்தார்கள். ஒரு தோப்பைக் குறுக்கே இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பரப்பு இருவருக்கும் சரிசமம். ஆனால் படத்தில் அண்ணன் இடத்தில் தம்பியும் தம்பி இடத்தில் அண்ணனும் இருந்தார்கள். கிணறு யாருக்கு என்று வாசலிலேயே கை கலக்கும் நிலை.

பார்த்தால், புதிதாக வந்திருந்த ஊழியர் ஒருவர், எந்தக் கோட்டிலிருந்து அளவு எடுக்கிறோமோ அந்த அடிக்கோட்டை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பழைய அளவுகளையே அப்படியே எழுதியிருந்தார். கோப்பின் மேல் நான் சிவப்பு மையில் எழுதினேன்: "எந்தப் பக்கம் நின்று அளக்கிறோம் என்பது மாறினால் எல்லா அளவும் புதிதாக எடுக்க வேண்டும். பரப்பு ஒத்துப்போவது மட்டும் போதாது." அடியில் இரண்டு கோடும் போட்டேன். அந்தப் பையன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை எழுதியவள்தான் நான்.

இரண்டு வண்ணம்

மூன்றாவது வாரம் அந்தக் கணக்குக்கு வந்தேன். சதுர வயல், குறுக்கே வரப்பு. உண்மையைச் சொன்னால் நான் வந்தது மென்பொருளின் தவறைப் பிடிக்கத்தான். இவ்வளவு நடந்த பிறகும்.

கேள்வியில் உள்ள எல்லையைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். வடக்கு முக்கோணம் நீலமாக நிறைந்தது. பிறகு அன்றைக்கு நான் காகிதத்தில் போட்ட எல்லையை, எழுத்துகளை மட்டும் இடம் மாற்றிய எல்லையை, அதே படத்தின் மேல் ஆரஞ்சில் தீட்டச் சொன்னேன்.

நீலத்தின் மேல் ஆரஞ்சு விழவில்லை. வரப்புக்குத் தெற்கே, அந்தப் பக்கம் விழுந்தது.

இரண்டும் சேர்ந்து சதுரம் முழுக்க நிறைந்திருந்தது. நான் அளந்தது எங்கள் வயலையே அல்ல. பக்கத்து வயலை. பரப்பு இரண்டுக்கும் அரைதான், அதனால் ஒத்துப் போனது. ஆனால் ஆழம் வடக்கே. வடக்கு வயலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், தெற்கு வயலில் ஆறில் ஒரு பங்கு. அவளுடையதில் சரியாகப் பாதியைத்தான் நான் விடை என்று கொடுத்திருந்தேன்.

நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எழுதிய இரண்டு தேர்விலும் அந்த வகைக் கணக்கு வந்திருக்குமே. இரண்டு தடவையும் என் முறையைத்தான் எழுதினாளா? அதனால்தான் போனதா? அந்தக் கோட்டைச் சுவரடியில் அவள் உட்கார்ந்திருந்ததற்கு நான்தான் காரணமா? இதைப் போனில் கேட்க முடியாது. "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

கடப்பாக்கம்

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம், அங்கிருந்து புதுச்சேரி பஸ். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

ரோஸி அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா எஸ்தரு, சொல்லாம கொள்ளாம? புள்ளய இட்டுகினு போக வந்தியா? அது வராது, இப்பவே சொல்லிட்டேன்."

"இல்ல அண்ணி. ஒண்ணு காட்டணும் அவகிட்ட."

"இன்னாத்த?"

"கணக்கு."

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல குடும்பம்டி ஒங்களுது. போ, பின்னால துணி காயப் போட்டுகினு கீது. நாஸ்தா துன்னியா நீ?"

கிருபா கறுத்திருந்தாள். கையில் உப்புநீர் பட்ட வெடிப்பு. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். முகம் மாறவில்லை. நான் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டு நேராகச் சொன்னேன்.

"கிருபா, மூணுல ஒண்ணுதான் சரி. நான் போட்டது தப்பு."

"எது?"

"அந்தக் கணக்கு. குறுக்கு வரப்பு. மிஷின் சொன்னதுதான் சரி. நான் பக்கத்து வயல அளந்துட்டேன்."

அவள் ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ போட்டுகினு இருக்கும்போதே."

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். "அப்ப ஏன்டி சொல்லல?"

"நீ நெழல் தீட்டிகினு இருந்த. நாக்கத் துருத்திகினு. சின்னப் புள்ளயாட்டம்." கொடியில் போட்ட துணியை இழுத்து நேராக்கினாள். "ரொம்ப நாள் கழிச்சு எம்பக்கத்துல குந்தின நீ. முடிச்சதும் படம் போட்டுக் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மூடிட்ட."

"பரீட்சைல என் மாதிரிதான் எழுதினியா?"

"இல்லம்மா. ஒன்னால ஃபெயில் ஆவல. ஹால்ல போய்க் குந்தினா கை ஓடல, அவ்ளோதான். எது போட்டாலும் நீ பின்னால நின்னு பாக்குற மாதிரி கீது."

லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துத் திறந்தேன். நீலமும் ஆரஞ்சுமாகப் படம் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்தாள்.

"நீயா போட்ட?"

"ம்."

"லேபிள்லாம் வெச்சிருக்க?"

"மூணு மணி நேரம் ஆச்சு அதுக்கு."

என் பக்கத்தில் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு வரியை மாற்றி அடித்தாள். "இப்ப ஆழம் கெழக்கால போவுது. பாக்காம சொல்லு, யாரு வயல்ல தண்ணி ஜாஸ்தி?"

காகிதம் தேடப் போன கையை இழுத்துக்கொண்டேன். கண்ணை மூடி அந்த வயலில் நடந்து பார்த்தேன்.

"தெக்கால இருக்குறதுல."

"எவ்ளோ?"

"மூணுல ஒண்ணு. இந்த தடவ அவங்களுக்கு."

அவள் விசையைத் தட்டினாள். விடை வந்தது. "பரவால்ல" என்றாள். உதட்டின் ஓரம் கொஞ்சம் நெகிழ்ந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. அது போதும் என்று இருந்தது. போதவும் இல்லை.

பண்ணையிலிருந்து சைரன் ஊதியது. தொட்டிகளின் உப்பு அளவு குறிக்கும் வேளை. எழுந்தாள். நானும் எழுந்து லேப்டாப்பை மூடப் போனேன்.

"மூடாத" என்றாள். "வெச்சிட்டுப் போ. பேட்டரி எவ்ளோ கீது?"

"முப்பத்தொண்ணு."

"சார்ஜர்?"

பையில் கைவிட்டுத் துழாவினேன், இல்லை என்று தெரிந்தே. ஹாலில் சுவரிலேயே மாட்டியிருந்தது. "வூட்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கிழம எடுத்துகினு வா. காலைலயே வந்துடு. மத்தியானம் எனக்கு டியூட்டி."

பரீட்சை எழுதுவாளா, வீட்டுக்கு வருவாளா, எதையும் நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் வெறும் பை. கல்பாக்கம் வருவதற்குள் விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டேன். ஏழு நாள்.